இரண்டு கல்லூரிக்கும் ஆகாதவன்

ஜூன் 9, 1986. திங்கள்

காலையிலிருந்து மழை. முழங்கால் உளைவு. ஃபாக்டரியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. வீட்டுக்கு வர, மனைவி தவமணி: "சபா போன் எடுத்தவர். 22ஆந் திகதி பார்க்கிலை, ஊரிலை நீங்கள் படிச்ச கல்லூரிக்கும் மற்றக் கல்லூரிக்கும் கிரிக்கெட் மாட்ச்சாம். பழைய மாணவர் எல்லாரும் விளையாடினமாம்."

முழங்கால் நோவு மறந்தே போயிற்று. சாப்பிடச் சாப்பிட மனதுக்குள் டீம் போட்டேன்.

ஜூன் 11. புதன்

சபாவோடு பேசினேன். கூடப் படித்தவன். என்னையும் டீமில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்.

"மச்சான், குறை நினையாதை. கிரிக்கெட், ஃபுட்போல், ஓட்டம் மூண்டுக்கும் நீதான் கப்டன், ஓம். ஆனால் பிறகு அவங்களுக்குக் கோச்சாப் போய் எங்களையே தோக்கடிச்சனியெல்லோ? பெடியள் இன்னும் மறக்கேல்லை."

வேலை தந்தவர்கள் அவர்கள். சொந்தக் கல்லூரியில் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் அங்கே போனேன்.

ஜூன் 12. வியாழன்

யோகனுக்குப் போன். மற்றக் கல்லூரியில் நான் பழக்கிய பையன். இங்கே அவர்களுக்கு அவன்தான் கப்டன்.

"சேர் இல்லாட்டி நான் இல்லை. ஆனால் சேர் எங்கடை கல்லூரியிலை படிக்கேல்லையே."

"கோச்சாயாவது நிக்கிறன், தம்பி."

"பெடியள் விரும்பாயினம், சேர்."

கெஞ்சியும் விட்டேன். சீ.

ஜூன் 14. சனி

வெயில். அஜின்கோர்ட்டுக்குச் சாமான் வாங்கப் போனோம். பஸ்ஸில் தவமணி ஏச்சு. "அங்கை ஊரிலை சண்டை, ரெண்டு பள்ளிக்கூடத்திலையும் அகதிச் சனம் படுத்துக் கிடக்குது. இவையளுக்கு இங்கை பெரிய மாட்ச். உங்களுக்கும் மண்டை பிழை."

அவள் சொல்வது சரி. ஆனாலும் மனம் ஆறவில்லை. இந்த அந்நிய ஊரில் நான் யார் என்று கேட்டால் சொல்ல எனக்கு வேறென்ன இருக்கிறது?

ஜூன் 20. வெள்ளி

சபா போன். அம்பயருக்கு ஆள் இல்லையாம். "நீதான் ரெண்டு பக்கமும் இல்லாத ஆள்."

ஓம் என்றேன். வெட்கங்கெட்ட பிறவி.

ஜூன் 22. ஞாயிறு

நல்ல வெயில். வடை, ரோல்ஸ், பிள்ளைகளின் கூச்சல். கடைசி ஓவரின் கடைசிப் பந்து. யோகன் பக்கத்துக்கு வெல்ல நாலு ஓட்டம், அடிப்பது யோகன். பந்து காலில் பட்டது. சபா கத்தினான். முன்காலைக் குறுக்கே வைக்காதே என்று யோகனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அதே கால். அவுட் என்று விரலைத் தூக்கினேன்.

யோகன் என்னைக் கடக்கும்போது: "கடைசியிலை உங்கடை கல்லூரிப் புத்தியைக் காட்டிப்போட்டீங்கள்." சேர் என்று சொல்லவில்லை.

சபாவின் ஆட்கள் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒருவரும் கை தரவில்லை. "அவனோ எங்களை வெல்ல வைச்சவன்? அது ஆர் பார்த்தாலும் பச்சை அவுட்," என்று யாரோ. அழுகை வந்தது. ஸ்டம்புகளைப் பிடுங்கினேன்.

பிறகு குரூப் போட்டோ. சபா கமராவை என் கையில் தந்தான். "நீ எடு மச்சான். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் விடுபடக்கூடாது."

எடுத்தேன். அது முடிய யோகனின் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களையும் எடுத்தேன்.