விரலில் நூல் தடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

என் நடுவிரலில் யோயோ நூல் இறுக்கிய தடத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் பாதுகாப்பு அதிகாரி, “மெஷின்ல மாட்டிச்சாம்மா? மறைக்காதீங்க,” என்று வேலையை நிறுத்திவிட்டார். பையிலிருந்து யோயோவை எடுத்துக் காட்டினேன்.

“அட, சின்னப் பிள்ளைங்க சாமான்,” என்று சிரித்தார்.

“ஆறு வருஷமா தினமும் ஒரு மணி நேரம் பழகுறேன் சார். நீங்க ஒரு தடவை வீசிப் பாருங்க.”

வீசினார். அது திரும்பி வந்து அவர் தலைக்கவசத்திலேயே டங்கென்று அடித்தது. பிறகு நான் வாங்கி, தெரிந்ததில் பாதியைத்தான் காட்டினேன். மனிதர் உடனே பேனாவை எடுத்தார். விபத்துப் படிவத்தில், காரணம் ‘விளையாட்டு’ என்று முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘பயிற்சி’ என்று திருத்தினார். நீங்கள்தான் இன்னும் பொம்மை என்கிறீர்கள்.

நூல் தீர்ந்துவிட்டது. நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்து, பத்து நூல் முறுக்கி அனுப்புங்கள். இங்கே ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டித்தான் முறுக்குகிறேன். அது நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் உங்களைப் போல் திட்டிக்கொண்டே பிடிக்க அதற்குத் தெரியவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்