குழாய் ஸ்பீக்கர் சொல்லாதது

அம்மா,

இன்று காலை அதிராம்பட்டினத்திலிருந்து வேன் வந்து அந்த இரண்டு தட்டை ஸ்பீக்கர்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவை நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருக்கிறது. அதைப் பெருக்க மனம் வராமல் உனக்கு எழுதுகிறேன்.

நீ அவற்றைப் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய அந்த ஊர் வியாபாரி ஒருவர் மாமாவிடம் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். ஆள் உயரம், பலகை போல மெலிவு. உள்ளே காந்தங்களின் நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய தாள்தான் அதிர்கிறது. "என்னடி இது, கதவு பேசுது!" என்று மாமா சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

நமக்குத் தெரிந்ததெல்லாம் குழாய் ஸ்பீக்கர். குத்தகை நிலத்தைவிட்டுப் பண்ணையார் நம்மை வெளியேற்றப் பார்த்தபோது, மாமா அதைத் தென்னை மரத்தில் ஏற்றி, வாயை அவர் தெருப்பக்கம் திருப்பிக் கட்டினாரே. இறங்கி வந்து, "பேசுக்கா. அவங்க சாப்பாட்டு எலையிலயே போய் விழும்" என்றார். நீ பேசினாய். "உழுதவங்க நாங்க. ஆட்சி மாறிடுச்சு, சட்டம் வந்துடுச்சு. வரப்ப விட்டு எறங்க மாட்டோம்." கூட்டத்தின் கடைசியில் தாவணி முனையைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாராவது பேர் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் நான் உனக்கா பிறந்தேன் என்று இருந்தது.

நிலம் நமக்கே நின்றது. நீதான் காமாலையில் போய்விட்டாய். பள்ளியை விட்டு, மாமா வீட்டில் சமைக்கவும் ஒயர் சுற்றவும் வந்துவிட்டேன். அன்று அவர் பதிவு செய்த உன் பேச்சைக் குழாயில்தான் போட்டுக் கேட்பேன். வீட்டுக்குள் அது காதைக் கிழிக்கும். அப்போதும் நீ ஊரோடுதான் பேசுவாய், என்னோடு இல்லை.

பழுது பார்த்து முடித்ததும் மாமா அந்தக் கேசட்டையே தட்டை ஸ்பீக்கரில் போட்டார். "செவுத்த ஒட்டி வைக்காத, இது பின்னாடியும் பேசும். நேரா எதிர்ல உக்காரு. குழாய்க்குக் கொஞ்சம் கரண்டு குடுத்தா ஊருக்கே கேக்கும். இது அவ்வளவையும் தின்னுட்டு முணுமுணுக்குது பாரு, பெரிய வீட்டுப் புள்ள."

முணுமுணுப்பாகத்தான் வந்தாய். ஆனால் அறைக்குள் வந்தாய். முதலில் வளையல் சத்தம். பிறகு எச்சில் விழுங்குகிறாய். மைக் திறந்திருப்பது தெரியாமல் மெதுவாகச் சொல்கிறாய்: "கை நடுங்குதுடா. தண்ணி இருக்கா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் சொம்புல குடுத்தேன்" என்றார்.

மறுபடி குழாயில் போடச் சொன்னேன். அந்த இடத்தில் வெறும் இரைச்சல். அதன்பின் உன் முழக்கம்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அந்தக் கதவின் எதிரே உட்கார்ந்திருந்தேன். வேன் வந்தபோது மாமா தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கட்டப் போயிருந்தார். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று கேட்க வாசல்வரை வந்தேன். கை நடுங்கியது. "என்ன பாப்பா, ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார் டிரைவர். எச்சில் விழுங்கினேன். வாயில் வந்தது, "தண்ணி வேணுமாங்க?" என்பதுதான். வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கேசட்டும் குழாயும்தான் இருக்கின்றன. சத்தத்தைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறேன். முழக்கத்துக்கு முன்னால் அந்த இரைச்சல் வரும்போது, அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும், நீ சொன்னதை உன் இடத்தில் நான் மெதுவாகச் சொல்கிறேன். அதன் பிறகு நீ பேசத் தொடங்குகிறாய்.