இறக்கையடியில் அன்னம்மாள்

ஆலங்குடா,
ஞாயிறு, பூசை முடிந்த பின்.

அன்புள்ள தம்பி கில்பட்டுக்கு,

இல்லை, அம்ஜத் நானா உன்னைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டது அதை மட்டும்தான். அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை.

அழைப்பில் பேசிப் பார்த்தேன். லைன் சரியில்லை என்றாய். உன் அறையில் யாரோ இருமியதுகூட எனக்குக் கேட்டது. ஆகவே எழுதுகிறேன். பாதியில் மூடிவைத்தாலும் எழுத்து அங்கேயே கிடக்கும்.

அம்மா நலம். முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. கச்சான் காற்று எழும்பிவிட்டதால் ஹோட்டலில், கடலில் பலகையேறிக் கைட் ஓட வந்த வெள்ளைக்காரர் நிறைந்திருக்கிறார்கள். நான் அதே வரவேற்பு மேசையில்தான். படித்த படிப்புக்கு இதுவா என்று கேட்பவர்கள் இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள்.

போன கிழமை அம்ஜத் நானா ஹோட்டலுக்கே வந்தார். கையில் நீ கொடுத்தனுப்பிய பொதி. அம்மாவுக்கு உடுப்பு, எனக்கு செண்ட், பால்மா. உன்னோடு ஒரே தொழிற்சாலையில் நின்று, உன்னால் வேலை போன மனிதர் உன் பொதியைத் தன் பெட்டிக்குள் வைத்துச் சுமந்து வந்திருக்கிறார். அதைக் கொடுக்க உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது. லீவில் வந்தீர்களா நானா என்று கேட்டேன்.

"லீவுதான் தங்கச்சி. நீட்டு லீவு" என்று சிரித்தார்.

பிறகு சொன்னார். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன விதத்தில் நீ ஒரு முறை கேட்க வேண்டும்.

அது விமானத்தின் உடலும் இறக்கையும் சேரும் இடத்தை மூடுகிற பாகம். கறுப்புக் கார்பன் துணியை அடுக்கடுக்காக விரிப்பது உன் வேலை. ஒவ்வோர் அடுக்கையும் பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. முத்திரை இல்லாமல் அடுத்த அடுக்கு விழக் கூடாது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் போங்கள் நானா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாயாம். நம்முடைய ஊர்ப் பையன்தானே என்று, நீ இன்னும் விரிக்காத அடுக்குக்கு அவர் முத்திரை குத்திவிட்டுப் போனார். அடுப்பில் வெந்து வந்த பாகத்தை ஸ்கேன் பண்ணியபோது உள்ளே ஒரு வட்டம். ஏதோ உலோகம். பாகத்தை ஒதுக்கினார்கள். முத்திரை யாருடையது என்று பார்த்தார்கள். உன்னையும் கேட்டார்கள். தெரியாது என்றாய்.

அது என்னவென்று நானாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒங்கட அன்னம்மா ஸ்கேன்ல நல்லா வட்டமா விழுந்திருந்தா தங்கச்சி."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவனும்தான் வருவான். ரெண்டு பேரும் வந்து என்னத்தச் செய்ற? கரவல இழுக்கவா? பாக்காமக் குத்தினது நான். அது என்ட பிழ."

அதன் பிறகு நான் என்ன சொன்னேன் தெரியுமா? பொதிக்கு நன்றி சொன்னேன்.

நீ ஏன் வைத்தாய் என்று எனக்குப் புரிகிறது. சாள்ஸ் மாமாவின் படகு வாடியில்தானே ஃபைபர் படகு கட்டப் பழகினாய். படகின் முன்பக்கம், அணியத்தில் கடைசிப் படையைப் பூசுமுன் தலவிலக் கோயில் புனித அன்னம்மாளின் மெடல் ஒன்றை உள்ளே வைத்துத்தான் மூடுவார். படகு வாங்க வருகிறவர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், "அம்மா உள்ளுக்கு இருக்கிறாவா?" என்றுதான் கேட்பார். உன் கை அப்படிப் பழகிய கை. முகம் தெரியாத ஒரு பணக்காரன் கடலில் விழுந்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிறாய். கெடுதல் நினைத்து வைத்திருந்தால் உன்னைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மெடல்களை வாங்கியதும் நான்தான். ஆவணித் திருவிழாவில் ஒரு கை நிறைய. அம்மா அவற்றைச் சுவாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கினார். லீவு முடிந்து அங்கே திரும்பிய றொபி கொண்டுவந்து உன்னிடம் தந்தான். "ஒண்டு வச்சிட்டன் அக்கா, இனி அன்னம்மா ஜெட்டில போவா" என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். ஹோட்டல் சமையலறையில் எல்லோருக்கும் சொன்னேன். சாவிக்காகக் கை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காத விருந்தினர்களை, உங்கள் விமானத்துக்குள் எங்கள் ஊர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு பார்த்தேன். பெருமையாக இருந்தது.

இங்கே ஒருவர் தங்கியிருக்கிறார். சொந்த ஜெட் கட்டுநாயக்காவில் நிற்கிறது. காற்று ஓயும்வரை அவர் கடலில். அவருடைய விமானி நாள் முழுக்க வரவேற்பறையில் தேநீருடன். புதியது ஒன்றுக்குச் சொல்லிவைத்து முதலாளி வருடக்கணக்கில் காத்திருக்கிறார் என்றார். நோய்க்காலத்துக்குப் பிறகு, காசு உள்ளவர்களுக்கு மற்றவர்களோடு வரிசையில் உட்காரப் பிடிக்கவில்லையாம். கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், செய்கிற கைகள் போதவில்லை. உங்கள் தொழிற்சாலையின் அவசரம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது விளங்கியது.

எங்கோ கேட்ட கதை மாதிரி அவரிடம் மெடலைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தார். அந்த இடத்தில் அடுக்குகள் ஒட்டாமல் நிற்கும் என்றார். விமானம் ஏறி இறங்க, ஏறி இறங்க, அந்தப் பிளவு வளரலாம். அந்த ஆள் எத்தனை வைத்தான் என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்றுதானே நீங்கள் சொன்னீர்கள் என்றார் விமானி.

கில்பட், எல்லாப் பாகத்தையும் ஸ்கேன் பண்ண மாட்டார்கள் என்று முன்பொருநாள் நீதான் சொன்னாய்.

ஒரு கை நிறைய அனுப்பினேன். மற்றவை எங்கே?

அம்மா செபமாலை சொல்லும்போது நீ கட்டிய விமானங்களுக்காகவும் வேண்டிக்கொள்வார். முன்பு எனக்குச் சிரிப்பு வரும். இப்போது நடுவில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். தலைவலி என்று நினைத்துக்கொண்டு இஞ்சி தட்டித் தேநீர் போட்டுத் தருகிறார்.

நேற்றுக் கற்பிட்டி மருந்துக்கடையில் நானாவின் மனைவி சுல்பாவைக் கண்டேன். வயிற்றில் பிள்ளை. இடம் கொடுத்து நகர்ந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"கோவிக்க வாணாம். எங்கட அவர்ர கவனமில்லாத வேலயால ஒங்கட தம்பிக்கும் கரச்சல் வந்திருக்கும். வாப்பா ஊட்டுல ஒவ்வொரு நாளும் ஏச்சுத்தான். ஜும்ஆவச் சாட்டி வேலய விட்டுட்டு ஓடினவராம்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நம்மிடம்.

நான் பரவாயில்லை என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு இலகுவாக வந்தது என்பதைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய மனதோடு மன்னிப்பதுபோலத் தலையைக்கூட ஆட்டினேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகும் கையில் அவள் பிடித்த இடம் சுட்டது. இன்று பூசையில் நற்கருணை வாங்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டதற்கும் பொய் சொன்னேன். ஒரு பொய்யை வைத்துக்கொண்டால் அது தனியாக இருப்பதில்லை.

நீ பயப்படுகிறாய். வேலை போகும், திருப்பி அனுப்புவார்கள், ஊர் சிரிக்கும். எல்லாம் நடக்கலாம். தானாக வந்து சொன்னவனைத் தங்கள் தொழிலில் அநேகமாகக் கைவிடுவதில்லை என்று விமானி சொன்னார். உன் தொழிற்சாலை அப்படியா என்று எனக்குத் தெரியாது. பொய் ஆறுதல் எழுத மாட்டேன். ஆனால் எங்கேயோ ஒரு விமானத்தில், நமக்குத் தெரியாத ஒருவர் இருக்கைப் பட்டியைக் கட்டிக்கொண்டு நித்திரை கொள்கிறார். அவருக்கும் வீட்டில் ஓர் அம்மா இருக்கலாம்.

தம்பி, உன் மேற்பார்வையாளரிடம் போ. வைத்தது நான்தான் என்று சொல். நானா போன பிறகு வைத்தேன், அவருக்குத் தெரியாது என்று சொல். எந்தெந்தப் பாகத்தில் என்று சொல். மறந்திருந்தால், மறந்துவிட்டேன், தேடுங்கள் என்று சொல். திருப்பி அனுப்பினால் வா. வாசலில் நான் நிற்பேன். அம்மாவுக்கு நானே சொல்வேன்.

அன்னம்மாள் உன்னைக் காக்கட்டும் என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவளை எங்கெங்கே வைத்தோம் என்று முதலில் சொல்லிவிடுவோம். அதன் பிறகு காவல் கேட்போம்.

உன்மேல் இருக்கும் பாசம் குறையாமல்,
அக்கா
அஜித்தா

கடிதத்தைப் போனில் அனுப்பிவிட்டு அஜித்தா கற்பிட்டிக்கு பஸ் ஏறினாள். அம்ஜத்தின் வீட்டு வாசலில் நின்று, சுல்பாவுக்கும் கேட்கும்படி, மெடலை வைத்தது தன் தம்பிதான் என்று சொல்லி, தொழிற்சாலையின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டாள்.