கிண்ணத்திலை பேர் வெட்டுற விலை

2004 ஆவணி, வியாழன்

இன்னும் கோபம் அடங்கேல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத அந்தோனியின்ரை ஞாபகமாய்ப் பந்தடிப் போட்டி வைக்கினம். எங்கட கழகத்துக்குக் கோல் காத்தவன் அவன். கிண்ணத்திலை பேர் வெட்டுவிக்க, என்ரை மணிக்கூடு திருத்திற கடைக்குக் கழகச் செயலாளர் வந்தார். எழுத்துக்குப் பத்து ரூபா எண்டன்.

"கூடிப்போச்சு அண்ணை. அந்தோனியை விடுங்கோ, அவனை ஊருக்கே தெரியும். கிண்ணத்துக்குக் காசு அனுப்பின கனடாக்காரரின்ரை பேரை மட்டும் முழுசாய் வெட்டுங்கோ."

"வைச்சிட்டுப் போம்" எண்டன். மேலை கதைச்சிருந்தால் வாயிலை கெட்ட தூசணம்தான் வந்திருக்கும்.

அந்தோனியின்ரை பேரைக் கிண்ணத்தைச் சுத்திப் பெரிசாய் வெட்டிப்போட்டுத்தான் கடையைப் பூட்டினனான். நாளைக்கு வாசலிலை புது விலைப்பலகை தொங்கும்: செத்தவைக்குச் சும்மா. உயிரோடை இருக்கிறவைக்கு எழுத்துக்கு நூறு ரூபா.