பட்டினி இன்ஸ்பெக்டரின் மனைவி

அன்புள்ள எலிக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறோம், சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக நடக்கிறது, நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். வாராவாரம் போனில் பேசிவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பயப்படாதே, நோய்நொடி இல்லை. போன தடவை பேசும்போது நீ அவளிடம், நானும் அந்த இன்ஸ்பெக்டர் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன், மூன்று முடிந்துவிட்டது என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. ஆறாவது புத்தகத்தை நீ எடுப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

அம்மாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது எப்போது என்று உனக்குத் தெரியும். சலவைக் கடையில் கிழிசல் தைக்கும் வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தாள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு இன்ஸ்பெக்டர், ஒவ்வொரு புத்தகத்திலும் அவன் முதல் வாய் வைக்கும்போது எங்கேயாவது ஒரு பிணம் கிடைத்துவிடும், அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவான், அதனால் அம்மா அவனுக்குப் பட்டினி இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தாள். ஆனால் அவளுக்கு அவனைவிட அவன் மனைவியைத்தான் பிடிக்கும். அந்தப் பெண் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள், அவன் ஏதாவது கூரை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் போன் பண்ணுவாள், வரும்போது சோப்பு வாங்கி வா என்பாள், அந்தச் சோப்பிலிருந்து அவனுக்குக் கொலைகாரன் யார் என்று பிடிபட்டுவிடும். நான் அப்போதெல்லாம் கேலி செய்வேன். இப்படி ஒரு போலீஸ்காரனை வேலைக்கு வைத்திருக்கிறார்களே, முதலில் அந்த மேலதிகாரியைப் பிடித்து உள்ளே போடணும் என்பேன்.

ஐந்தாவது புத்தகம் பாதி நடக்கும்போதுதான் அவளுக்கு வலது கண்ணில் கறுப்புத் திரை விழுந்தாற்போல் ஆகி, விழித்திரை பிரிந்துவிட்டது என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். அது உனக்குத் தெரிந்த கதை. கண்ணுக்குள் ஏதோ வாயுவை அடைத்து, அது மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் கவிழ்ந்தே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். முகத்துக்கு நடுவில் ஓட்டை வைத்த தலையணை, அதில் முகத்தைப் பதித்துத் தரையைப் பார்த்தபடி கிடப்பாள். தும்மாதீங்க, இருமாதீங்க, கனம் தூக்காதீங்க, முக்கியமா அழுதிடாதீங்க என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நடக்க வேண்டியது நடக்கட்டும், அந்தப் பாதிக் கதைக்கு ஒரு வழி சொல்லுங்க என்றாள். அப்படித்தான் நான் வாசிக்க உட்கார்ந்தேன். லிப்ட் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு, யார் யார் என்று தெரியாமல் நடுவிலிருந்து வாசித்தேன். அவள் தரையைப் பார்த்தபடியே, அவன் நல்லவன் இல்லை, அவளை நம்பாதீங்க என்று கீழிருந்து விளக்கம் சொல்வாள். எனக்கு அவளுடைய பின்னந்தலை மட்டும்தான் தெரியும், அவளுக்கு என் கால்விரல்கள் மட்டும்தான் தெரியும்.

ஐந்தாவது முடிந்தபோது நானும் மாட்டிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாவதை நூலகத்திலிருந்து நானே போய் எடுத்துவந்தேன். பாதி நாள் வேலைக்குத் திரும்பிய பிறகு, அதைப் பையில் போட்டுக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து தனியாகப் படிப்பேன், பிறகு வீட்டுக்கு வந்து தெரியாததுபோல் அம்மாவுக்கு வாசிப்பேன். ஒரு நாள் கீழே லிப்டில் ஒருத்தர் காய்கறிப் பையோடு சிக்கிக்கொண்டு மணி அடித்தார், நான் அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அவரிடம் பழுது கொஞ்சம் சிக்கலானது என்று சொன்னேன்.

ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் முன்கூட்டிப் படிக்கவில்லை. அன்று வேலை இல்லாத நாள், வீட்டில் நேராக வாசித்துக்கொண்டே போகிறேன், இன்ஸ்பெக்டரின் மனைவி நீச்சல் குளத்துக்குக் கிளம்புகிறாள், அவன் வண்டியின் சாவியை எடுக்கிறாள், வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்புகிறாள். அடுத்த வரியில் வண்டி வெடித்துவிட்டது. அவனுக்கு வைத்த குண்டு. நான் நிறுத்தினேன். அம்மா, என்னங்க ஆச்சு, வாசிங்க என்றாள். நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, பேட்டரி இறங்கிப்போயிருந்தது, வண்டி கிளம்பவில்லை, அவள் இறங்கி பஸ்ஸுக்கு நடந்தாள், தெருமுனை திரும்பியபோது பின்னால் வண்டி வெடித்தது என்று வாசித்தேன். அம்மா பெருமூச்சு விட்டு, நல்லவேளை, நம்ம வண்டி மாதிரியே அதுவும் மக்கர் பண்ணியிருக்கு என்றாள். டாக்டரம்மா அழக்கூடாது என்று சொல்லியிருந்தார், காரணம் அவ்வளவுதான்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதைத் தாங்க எத்தனை முட்டு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழாவது புத்தகம் முழுக்க அவன் மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான், தாடி வளர்க்கிறான், சுவரில் முட்டிக்கொள்கிறான். நான் அதையெல்லாம் அந்த வண்டிக்காக என்று மாற்றினேன். ஒரு காருக்காகவா இந்த மனுஷன் இப்படி அழறான் என்றாள் அம்மா. அது அவங்க அப்பா ஓட்டின வண்டி என்றேன். நாலு பக்கத்துக்கு ஒரு தடவை அவன் மனைவியைப் போன் பண்ண வைத்தேன். எனக்குச் சோப்பைத் தவிர வேறு ஒன்றும் தோன்றாததால், எத்தனை சோப்புதான் வாங்குவாங்க அந்த வீட்டில் என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். எட்டாவதில் ஒரு வக்கீலம்மா வந்து சேர்ந்தாள், இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேச்சு போகும் போக்கு சரியில்லை. நான் அவளை அவனுக்குத் தங்கச்சி முறை ஆக்கினேன். தங்கச்சிகிட்ட யாராவது இப்படிப் பேசுவாங்களா என்று கீழிருந்து கேட்டாள். நிறையப் பக்கங்களைத் தாண்டிப்போனேன், இந்தப் புத்தகம் என்ன இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருச்சு என்றாள்.

கண் தேறி, நிமிர்ந்து உட்கார்ந்து, புதுக் கண்ணாடியும் வந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து நானே ஒரு தடவை படிக்கணும் என்று கிளம்பினாள். நான் நூலகத்துக்குப் போய், ஆறாவது வெளியே போயிருக்கிறது என்று சொல்லச் சொல்லி நூலகரம்மாவைக் கேட்டுக்கொண்டேன். இந்த வயசுல பெண்டாட்டிக்குத் தெரியாம என்னென்ன பண்றீங்க சார் என்று சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. ஆனால் அவர் லீவில் இருந்த நாளில் அம்மா போய் எடுத்துவந்துவிட்டாள். சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் அதே அறையில் ஒரு கோளாறும் இல்லாத சுவிட்சைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்தது எனக்குத் தெரிந்தது, பக்கம் திரும்பவே இல்லை. நெடுநேரம் கழித்து என்னைப் பார்க்காமல், அப்ப அந்தத் தங்கச்சி என்று கேட்டாள். தங்கச்சி இல்லை என்றேன். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். நான் நினைத்ததைவிட அதிகமாகவே அழுதாள், அந்தப் பெண்ணுக்காக மட்டும் இருக்காது, கண் போய்விடுமோ என்று கவிழ்ந்து கிடந்த நாட்களில் அடக்கியதும் அதில் சேர்ந்திருக்கும். டாக்டரம்மாவின் தடை அதற்குள் நீங்கிவிட்டதால் நானும் தடுக்கவில்லை. சுவிட்சை மாட்டினேன், டீ போட்டுக் கொடுத்தேன். அதைப் பற்றி அதற்கப்புறம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மீதி இரண்டையும் அவள் எடுக்கவே இல்லை.

இப்போது ஒன்பதாவது வந்திருக்கிறது. நூலகரம்மா எடுத்துவைத்து முதலில் எங்களுக்குத்தான் கொடுத்தார். இத்தனை நாள் நீங்க வாசிச்சீங்க, இனி நான் வாசிக்கிறேன், நீங்க பட்டாணி உரிங்க என்றாள். உரித்துக்கொண்டே கேட்டேன். முதல் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறான், கதவைத் தட்டுகிறான். அம்மா கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவன் மனைவி கதவைத் திறந்து, சேற்றுக்காலோடு உள்ளே வராதே, முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் எந்தப் பிணத்தையாவது போய்ப் பார் என்றாள், அவன் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டான் என்று தடங்கல் இல்லாமல் வாசித்தாள். நான் புத்தகத்தை எட்டிப் பார்க்கவில்லை. வக்கீலம்மா இதுவரை ஒரு இடத்திலும் வரவில்லை, அம்மா அவளை அடியோடு எடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கொலைகாரன் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, நாளைக்கு அடுத்த அத்தியாயம்.

இந்த விழித்திரை சமாசாரம் குடும்பத்தில் வரக்கூடியது என்கிறார்கள், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு, கண்ணுக்குள் மின்னல் அடித்தாற்போலவோ கறுப்புப் புள்ளிகள் பறந்தாற்போலவோ தெரிந்தால் ஆபீஸ் வேலை என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போ. படுத்துக்கொண்டு படிக்காதே. குளிருக்கு நல்ல காலுறை வாங்கிக்கொள். நீ எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் கூடிவந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். ஆறாவது புத்தகத்தை நீ தாராளமாகப் படி, அழுகை வந்தால் அழு. ஆனால் அடுத்த முறை போனில் அம்மா அந்த இன்ஸ்பெக்டர் மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தால், அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேள்.

உன் அப்பா