கந்தோர் இல்லாத தீவு

என் அன்பு அண்ணை,

நீங்கள் போய் இது மூன்றாவது வருடம். இங்கே ஜேர்மனியில், எசன் நகரில் இன்று நல்ல வெயில். இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். ஆனாலும் என் பிழையை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

அண்ணியின் தம்பி நிமலன் கனடாவுக்கென்று ஏறிய படகு பழுதாகி, இந்து சமுத்திரத்தின் நடுவே, பிரித்தானியரின் தியகோ கார்சியாத் தீவில் ஒதுங்கியது. வந்தவர்களை அங்கே கூடாரங்களில் மறித்துவைத்தார்கள். நீங்கள் இங்கத்தைக் கந்தோர்களுக்கு எழுதிய முப்பது வருடப் பழக்கத்தில், அவனை விடும்படி ஜேர்மன் மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதினீர்கள். உறையில் முகவரி: ‘வெளிநாட்டவர் அலுவலகம், தியகோ கார்சியா.’ நான் சிரித்துவிட்டேன்.

“அண்ணை, அது இராணுவத் தளம். அங்கை கந்தோர் ஒண்டும் இல்லை.”

“கந்தோர் இல்லாத இடத்தில ஆக்களை எப்பிடிப் பிள்ளை மறிச்சு வச்சிருக்கிறாங்கள்? நீ சட்டம் படிச்சனிதானே, சொல்லு.”

“அகதிகள் சாசனம் அந்தத் தீவில செல்லாதெண்டு சொல்லுறாங்கள். ஒண்டும் செய்ய ஏலாது.”

“உந்த ‘ஏலாது’வை மட்டும்தான் வடிவாப் பாடமாக்கினனி” என்று சொல்லிக்கொண்டே முத்திரையை ஒட்டினீர்கள். நீங்கள் கண்ணை மூடியபோதும் நிமலன் அங்கே கூடாரத்தில்தான் இருந்தான்.

கேளுங்கள் அண்ணை. கந்தோர் இல்லாத அந்த இடத்துக்கு நீதிமன்றமே போனது. நீதிபதி கூடாரங்களை நேரில் பார்த்தார். தீர்ப்பு வருமுன்பே நிமலனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களை அப்படி அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று பிறகு தீர்ப்பும் வந்தது. உங்கள் கேள்வி சரியாகத்தான் இருந்தது.

இப்போது அந்தத் தீவே யாருடையது என்று பேசுகிறார்கள். அது சேர்ந்த தீவுக்கூட்டம் மொரிசியஸ் நாட்டுக்கு, தளமுள்ள தீவு மட்டும் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையில் பிரித்தானியாவுக்கு. கையெழுத்து வைத்தும் இழுபடுகிறது. ஐம்பது வருடத்துக்கு முன் தளம் கட்டுவதற்காக அங்கிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட தீவு மக்களை யார் கேட்டார்கள்?

நிமலன் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் அந்த மக்களில் ஒருவர் இருக்கிறார். பெயர் மரீ. ஐந்து வயதில் கப்பலேற்றப்பட்டவர். நிமலன் அங்கே மூன்று வருடம் இருந்தவன் என்று அறிந்ததும், தன் தகப்பனின் கல்லறையைக் கண்டாயா என்று கேட்டிருக்கிறார்.

“நான் கண்டது வேலியும் தென்னையும்தான், மச்சாள்” என்றான் தொலைபேசியில். “வெளியில விடுங்கோ எண்டு நான் அழுத இடத்துக்கு, உள்ள விடுங்கோ எண்டு அந்த மனுசி அழுகுது. ஒருக்காப் போய்ப் பாக்க அனுமதி கேட்டு எழுதோணுமாம். எழுதித் தருவியளோ?”

‘ஏலாது’ என்ற பழைய பதில் வாய்வரை வந்தது. புதிய ஒப்பந்தத்திலும் அந்தத் தீவில் மட்டும் மீண்டும் குடியேற இடமில்லை. ஆனால் ஒரு நாள் போய் நின்று வருவதற்கு? லண்டனுக்கு எழுதுவதா, மொரிசியஸ் தலைநகர் போர்ட் லூயிசுக்கு எழுதுவதா? எனக்கே தெரியவில்லை.

“ஓம், எழுதுறன்” என்றேன்.

இரண்டு இடத்துக்கும் எழுதுவேன் அண்ணை. பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவேன். மரீ தன் தகப்பனுக்குப் பூ வைக்கும் நாளில் முதல் செய்தி உங்களுக்குத்தான்.

உங்களோடு வாதாடியே வளர்ந்த
தங்கச்சி