மோதிர விரலால் விழுத்திய சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை, பரந்தன்

இன்று கரம் விளையாட்டில் அத்தானைத் தோற்கடித்தேன். படுத்தும் நித்திரை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தான் என் கணவரின் அண்ணன். செட்டிகுளத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் கரம் பலகையை வைத்தார்கள். அத்தானும் அவர் மனைவியும் ஒரு பக்கம், நானும் என் கணவரும் மற்றப் பக்கம் என்று மகள் வானதி பிரித்தாள். என் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. கலியாணத்துக்கு முன்பே ஷெல் பட்டுப் போனவை. இந்த வீட்டில் நான் விளையாடி யாரும் பார்த்ததில்லை.

"பாவம், அம்மாவை விடு பிள்ளை. வேற ஆராவது இருக்கட்டும்" என்றார் அத்தான்.

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. "நான் இருக்கிறன்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மோதிர விரலால் சுண்டினேன். முதலில் காய்கள் எங்கேயோ போயின. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கோபத்தைத் தந்தது. போகப் போக விரல் பழகியது. கடைசியில் எங்களுக்கு ஒரு வெள்ளையும் சிவப்பும் மிச்சம். சிவப்பு விழுந்தால் அடுத்த அடியிலேயே வெள்ளையும் விழ வேண்டும். சிவப்பை மெதுவாகத் தட்டிக் குழியில் போட்டேன். வெள்ளை என் பக்கத்து மூலையில், நான் அடிக்கும் கோட்டுக்குப் பின்னால் நின்றது.

"அது கஷ்டம்" என்றார் கணவர் மெல்ல.

நான் சுண்டிய ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பி வெள்ளையை நேரே குழிக்குள் அனுப்பியது.

அத்தான் காய்களைத் திரும்ப அடுக்கினார். "இன்னொரு ஆட்டம் போடுவமோ?" என்று கேட்டார். தம்பியை அல்ல, என்னைத்தான் கேட்டார்.

"இண்டைக்கு இவ்வளவும் காணும் அத்தான்" என்றேன். வென்றவளாகவே எழும்ப எனக்கு ஆசையாக இருந்தது.